தோலோடு தின்கிற ஆரஞ்சு

அந்தப் பழத்தைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது என் வீட்டுக்காரர்தான். சரக்குக் கப்பலில் சமையல்காரர் அவர். சீனாவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது வீடியோ காலில் வந்தார். கையில் கோலிகுண்டு மாதிரி ஒரு ஆரஞ்சு.

"இத்த எப்டி துன்னணும், சொல்லு பாக்கலாம்."

"உரிச்சுதான்."

"உரிக்கக் கூடாதும்மே. அப்டியே வாய்ல போட்டு மெல்லணும். தோலுதான் இனிப்பு, உள்ளதான் புளிப்பு. கும்குவாட்டுன்றாங்க இத்த."

மென்றுகொண்டே ஒரு கண்ணை இடுக்கினார். அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. ஒரு கண் மூடிய அந்த முகம் திரையில் உறைந்து நின்றது.

ஒன்று மனதில் விழுந்துவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ராயபுரத்தில் என் அம்மா வீட்டில் என்னை 'காலில் சக்கரம்' என்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மாத்தூரில் இருக்கும் என் அக்காவைக் கூட்டிக்கொண்டு மாதவரம் பக்கம் நர்சரி நர்சரியாக ஏறி இறங்கினேன். பாதிப் பேருக்குப் பெயரே தெரியவில்லை. கடைசியாக ஒருவர் பின்பக்கம் போய் முழங்கால் உயரத்தில் ஒரு ஒட்டுச்செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் ஒரே ஒரு காய் இருந்தது, கொஞ்சம் நீளமாக, ஈச்சங்காய் மாதிரி.

"இது உருண்டையா இல்லையே?" என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. பழுத்தா உருண்டுக்கும்."

ஷேர் ஆட்டோவில் தொட்டியை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு காலடிப்பேட்டைக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம். நான், என் மாமியார், கப்பலிலிருந்து வரும் மாதங்களில் அவர். வாசலை ஒட்டி மொட்டைமாடி. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். தையல் மெஷினிலிருந்து பார்த்தால் செடி தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஊற்றியதும் இலை ஓரம் கருகியது. அதனால் மெட்ரோ வாட்டர் பிடிக்கும் குடங்களில் ஒன்றைச் செடிக்கென்று ஒதுக்கினேன். மாமியாருக்குத் தாங்கவில்லை. "குடிக்கவே குடத்தத் தூக்கினு வரிசைல நிக்கிறோம், இவ செடிக்கு மெட்ரோ வாட்டரு ஊத்திகினு கீறா" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வார். ஆனால் மீன் கழுவிய தண்ணீரை அதன் வேரில் ஊற்றியது அவர்தான். நான் பார்க்காத நேரத்தில் ஊற்றுவார்.

இலையில் கருப்பாகத் தூசி படியும். நிலக்கரியோ லாரிப் புகையோ, இங்கே யாரும் கேட்பதில்லை, துடைப்பதோடு சரி. நானும் பழைய காடாத் துணியை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்ததைத் துடைக்கப் போனால் அது நகர்ந்தது. புழு! இரண்டே நாளில் கொழுந்தெல்லாம் மொட்டை. முதல் வருஷம் பூத்தது அத்தனையும் கொட்டிப்போயிற்று. மறு வருஷம் ஆடி கழிந்து பிஞ்சு நின்றது.

அந்த வருஷம்தான் அவருடைய கப்பல் மாட்டிக்கொண்டது. முதலாளிக்கு ஏதோ தகராறு என்று கப்பலை வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டார்கள். யாரும் இறங்கக் கூடாதாம். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். முதலில் தினமும் பேசினார். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, சார்ஜ் போட முடியாது என்றார். பிறகு எப்போதாவது ஒரு மெசேஜ், 'நல்லா கீறேன்' என்று மட்டும்.

செடியில் காய்கள் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருந்தன. முதல் பழத்தை அவர்தான் பறிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அணில் தொடாமல் இருக்கப் பழைய கொசுவலையைப் போட்டு மூடினேன். கீழ் வீட்டுக்காரம்மா, நான் ஆப்பா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அம்மா, துணி காயப்போட வரும்போதெல்லாம் வலைக்குள் எட்டிப் பார்ப்பார். "இன்னாம்மா, மியூசியமா வச்சிருக்கே?"

என்னால் எதையும் உட்கார்ந்து செய்ய முடியவில்லை. மெஷினிலிருந்து எழுந்து மாடிக்கு, மாடியிலிருந்து கேட்டுக்கு, கேட்டிலிருந்து போனுக்கு. ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கையை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்துவைத்தேன். பாரிமுனையில் அவரைக் கப்பலில் ஏற்றிவிட்ட ஏஜென்ட் ஆபீசுக்குப் போய் உட்காருவேன். அங்கேயும் உட்கார முடியாமல் வராண்டாவில் நடப்பேன். "அடுத்த வாரம் தெரிஞ்சிடும் மேடம்" என்பார்கள். எந்த அடுத்த வாரம் என்று சொன்னதில்லை.

கிறிஸ்துமஸ் போய், பொங்கலும் போயிற்று. பழங்கள் தளதளவென்று நிறம் ஏறி, ஒவ்வொன்றாக வலைக்குள்ளேயே உதிரத் தொடங்கின. விழுந்ததைப் பொறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தேன். அங்கேயும் சுருங்கின.

ஒருநாள் ஏஜென்ட் ஆபீசிலிருந்து திரும்பி வந்தால், கொசுவலை மடித்துவைக்கப்பட்டிருக்கிறது. செடி வெறும் பச்சையாக நிற்கிறது. மாமியார் தரையில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து, ஒரு அன்னக்கூடை நிறைய இருந்த பழங்களை நான்காகக் கீறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உப்பு, மிளகாய்த்தூள், ஊறுகாய் ஜாடி.

"யாரக் கேட்டுப் பறிச்சீங்க?" நான் போட்ட சத்தத்தில் ஆப்பா வீட்டுக் கதவு திறந்தது.

அவர் நிமிரவில்லை. "எறும்பு துன்றதுக்கா வச்சிகினு கீற?"

"அவரு வந்து பறிக்கணும்னு வச்சிருந்தேன் அத்தை!"

"அவன் வந்தா ஜாடிலேந்து துன்னுவான். நீ மாடிக்கும் கேட்டுக்கும் ஓடிகினு கீற. எனக்கு வவுறு எரியலயா? நான் அவனப் பெத்தவ. ரா முச்சூடும் கண்ணு மூட்றதில்ல. இந்தப் பழம் ஒவ்வொண்ணா உளுவுறத பாக்க முடியல என்னால. ஒவ்வொண்ணுக்கும் நெஞ்சு திக்குன்னுது."

அதைச் சொல்லும்போது அவர் கை நின்றது. நான் அப்படி யோசித்ததே இல்லை. என் காதில் மட்டும்தான் அந்தச் சத்தம் விழுகிறது என்று நினைத்திருந்தேன்.

கூடையிலிருந்து முழுசாக ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "துன்னு."

கடித்தேன். முதலில் தோலின் வாசனை மூக்கில் ஏறியது. எண்ணெய் மாதிரி லேசான கசப்பு, உடனே ஒரு தித்திப்பு, இதுதானா என்று நினைப்பதற்குள் உள்ளிருந்து புளிப்பு வந்து தாடையைப் பிடித்து இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமியாரும் ஒன்றை வாயில் போட்டு, "ஐயய்யே, பேஜாரா கீதே!" என்று முகத்தைச் சுளித்தார். சுளித்தபடியே இன்னொன்றை எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, விதையைத் துப்பிக்கொண்டு, நாக்கு எரிகிறவரை தின்றோம். சத்தத்துக்கு மேலே வந்த ஆப்பா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, பாதியை ஊறுகாய்க்கு விடாமல் அள்ளிக்கொண்டு போனார். மறுநாள் சர்க்கரைப் பாகில் முரப்பாவாக அது திரும்பி வந்தது. பாகில் போட்ட பிறகு தோல் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது.

அவர் ஈஸ்டர் கழிந்து வந்தார். கன்னம் ஒட்டிப்போய், சட்டை தொளதொளவென்று. தயிர்சாதத்துக்கு அந்த ஊறுகாயை வைத்தேன். ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது இது இல்லம்மே. அது உருண்டையா இருக்கும், புளிப்பும் கம்மி. இது வேற ஜாதி."

எனக்கு வந்த கோபத்தில் தட்டைப் பிடுங்கியிருப்பேன். ஆனால் அவர் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு, ஜாடியை இன்னும் கிட்டே இழுத்தார். மாமியார் சமையல்கட்டிலிருந்து, "வேற ஜாதின்ற, ஜாடி காலியாவுது?" என்றார்.

அவர் வந்துவிட்டால் என் படபடப்பு அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. அவருக்கும் வீட்டில் கால் தரிக்கவில்லை. கப்பல் முழுக்கச் சமைத்த கைக்கு மூன்று பேருக்கு அளவு தெரியவில்லை. சாம்பார் ஆப்பா வீட்டையும் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. காலையில் காசிமேட்டுக்கு நடந்துபோய் படகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் போன் அடித்தால் எனக்கும் மாமியாருக்கும் ஒரே நேரத்தில் கை நிற்கும், ஏஜென்டோ என்று. ஒருநாள் ஏஜென்டேதான். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். எங்கள் இருவரையும் பார்த்தார். "இப்ப கப்பல் வேணாம் சார்" என்று வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் முழுக்கச் செடியின் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறார். கப்பல் இல்லை, ஆனால் அந்த ரோடு இருக்கிறதே! கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அவருடைய பஸ் எங்கே நிற்கிறதோ என்று தினமும் எனக்கு மாடிக்கும் கேட்டுக்கும் ஒரு நடை மிச்சம் இருக்கிறது.

செடியைப் பெரிய டிரம்முக்கு மாற்றிவிட்டோம். இந்தத் தை மாதமும் நன்றாகப் பழுத்திருக்கிறது. நேற்று சாயங்காலம் நானும் மாமியாரும் கூடையோடு நின்றோம். போன் வந்தது.

"எர்ணாவூராண்ட மாட்டிகினேன். லாரி நகரவே மாட்டேங்குது."

நான் கூடையை வைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவருக்குப் போய்ப் பார்த்தேன். அங்கிருந்து எர்ணாவூர் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

"வருவான், வா" என்றார் மாமியார். "மேல் கெளைல கீறது எனக்கு எட்டல."