மலாமோ படகை விட்டுக் குதித்த நாள்

கிரேக்க நாட்டு அலோனிசோஸ் தீவில் மலாமோவைத் தெரியாதவர் யாராவது இருந்தால் அவர் நேற்றுதான் கப்பலில் வந்து இறங்கியிருக்க வேண்டும். கோடைக் காலையில் வெளியூர்க்காரர்களை நீந்த அழைத்துப்போகும் படகுகள் துறைமுகத்தில் வரிசையாக நின்று ஆட்களை ஏற்றும்போது, எஞ்சின்களின் இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் எழும்பும்.

"செருப்பைக் கழட்டிக் கூடையில போடுங்க! மணல் காலோட என் படகுல ஏறுனீங்க, பகல் சாப்பாடு கிடையாது!"

அதுதான் மலாமோ. படகு அவள் புருஷன் ரிகினோஸுடையது. ஆனால் அவன் கையில் இருப்பது சுக்கான் மட்டும்தான், மற்றதெல்லாம் அவள் கையில் என்பது ஊரறிந்த சங்கதி. ஐம்பத்தைந்தைத் தாண்டிய உருண்டு திரண்ட உடம்பு, வெயிலில் கறுத்த முகம், எப்போதும் தக்காளிச் சாறு தெறித்த ஒரு சமையல் மேலாடை. யாராவது பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் அவளுக்கு முகம் வாடிவிடும். பெயரை மறந்தாலும் யாருக்கு வெங்காயம் ஆகாது, யாருக்கு மீன் பிடிக்காது என்பதை அடுத்த வருஷம் வரை நினைவில் வைத்திருப்பாள்.

படகு காலையில் கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் திரும்பும். கரையோரமாகவே போய் மூன்று குடாக்களில் நங்கூரம் போடும். முதலாவது செம்மண் பாறைக்கு அடியில். இரண்டாவது வெள்ளைக் கூழாங்கல் குடா. பிறகு ஒரு நீண்ட முனையைச் சுற்றிக்கொண்டு போனால் அத்திமரக் குடா, அங்கேதான் சாப்பாடு. நின்ற இடத்திலெல்லாம் ஜனங்கள் தொப்புத் தொப்பென்று குதித்து நீந்துவார்கள். மலாமோ அப்போது அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருப்பாள். ஊரையெல்லாம் கடலில் குளிக்கவிட்டு அவள் வியர்வையில் குளிப்பாள்.

அவள் கடலில் இறங்குவது அக்டோபரில்தான். படகைக் கரையேற்றி, கடைசி வெளியூர்க்காரனும் போன பிறகு, ஒரு காலையில் யாருமில்லாத கரைக்குப் போவாள். அவள் நீந்துவதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ரிகினோஸிடம் ஒரு கதை உண்டு. வெள்ளைக் கூழாங்கல் குடாவில் நங்கூரம் விழுந்ததும் மைக்கைக் கையில் எடுத்துவிடுவான்.

"முப்பது வருஷத்துக்கு முன்னால, இதே குடாவுல, ஒரு பொண்ணு முழுகிட்டிருந்தா. நான் எங்கப்பா படகுல வந்தேன். பூட்ஸைக்கூடக் கழட்டலை, அப்படியே குதிச்சேன். முடியைப் பிடிச்சு இழுத்துக் கரை சேர்த்தேன். அந்தப் பொண்ணு இப்ப எங்க தெரியுமா? உங்களுக்குக் கறி உருண்டை உருட்டிக்கிட்டிருக்கா!"

எல்லோரும் கைதட்டுவார்கள். அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். மலாமோ கரண்டியை ஒருமுறை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

நடந்தது வேறு. மலாமோவின் அப்பாவுக்கு மலை முகட்டில் வீடும் ஆட்டுக் கிடையும் இருந்தன. குமரிப் பெண்ணான அவள் ஆடுகளை இந்தக் குடாவுக்கு ஓட்டிவருவாள். ஆடுகள் பாறையில் படிந்த உப்பை நக்கும். அவள் கடலில் மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டு மிதப்பாள். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை, தானாக வந்த நீச்சல். அன்றைக்கு அப்படி மிதந்தவளை ரிகினோஸ் தூரத்திலிருந்து பார்த்தான். பிணம் என்றோ, பிணமாகப் போகிறவள் என்றோ நினைத்துவிட்டான். குதித்தான். ரப்பர் பூட்ஸில் தண்ணீர் ஏறியது. போட்ட கல்லைப்போலக் கீழே போனான். அவள்தான் மூழ்கி, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவந்து, கூழாங்கல்லில் குப்புறப் போட்டு முதுகில் நாலு குத்து விட்டாள். உப்புத் தண்ணீரும் காலையில் குடித்த காப்பியும் வெளியே வந்தன. மூச்சு வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி:

"பொண்ணே, உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

விலா நோகச் சிரித்தாள் மலாமோ. ஆனால் அன்றைக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு மலையேறும்போது சிரிப்பு நின்றுவிட்டது. நீச்சல் ஒழுங்காகத் தெரியாத ஒருவன் முன்பின் அறியாத பெண்ணுக்காகக் கடலில் குதித்திருக்கிறான். அதை நினைத்துக்கொண்டே நடந்தாள். இவனைத்தான் கட்டிக்கொள்வது என்று வீடு போய்ச் சேருவதற்குள் முடிவாகிவிட்டது.

அதனால்தான் அவன் கதையைப் புரட்டிச் சொல்ல ஆரம்பித்தபோது அவள் தடுக்கவில்லை. ஆம்பிளை, ஆசைப்பட்டுச் சொல்கிறான், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த ஆகஸ்ட் நாளில் வடக்கேயிருந்து மெல்டெமி என்னும் கோடைக் காற்று நன்றாகவே வீசிக்கொண்டிருந்தது. படகில் ஏதென்ஸிலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்களுடைய பெண் நெஃபெலிக்கு ஆறு வயதிருக்கும். வோலோஸிலிருந்து வருஷாவருஷம் வரும் எவ்தோக்ஸியா அம்மாளும் இருந்தாள். கணவனைப் புதைத்துவிட்டு நிம்மதியாக ஊர் சுற்றுகிறவள் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வாள். ரிகினோஸ் வழக்கம்போலக் கதையைச் சொல்லி முடித்தான். கைதட்டல் ஓய்ந்தது. நெஃபெலி அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். தன் கையில் மாட்டியிருந்த, காற்றடைத்த மஞ்சள் பட்டைகளைக் கழற்றி நீட்டினாள்.

"பாட்டி, இதை நீங்க போட்டுக்கோங்க. இதைப் போட்டா முழுக மாட்டீங்க. எனக்கு அப்பா இருக்காரு."

மலாமோவுக்குக் கண் கலங்கிப்போயிற்று. குனிந்து குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ரிகினோஸ் மைக்கை இன்னும் கீழே வைக்கவில்லை.

"வாங்கிக்க மலாமோ, வாங்கிக்க! அவளுக்கு இன்னமும் தண்ணின்னா பயம், பாப்பா. முழங்காலுக்கு மேல இறங்க மாட்டா!"

படகே சிரித்தது.

மலாமோ சிரிக்கவில்லை. இது கதையிலேயே இல்லாத புது வரி. இத்தனை வருஷம் கொடுத்த இடம் இங்கே வந்து நிற்கிறது என்று நினைத்தாள். அடுப்பை அணைத்தாள். மேலாடையை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். பட்டைகளைக் குழந்தையின் கையிலேயே திரும்ப மாட்டிவிட்டாள்.

"நீயே போட்டுக்க கண்ணு. பாட்டி இப்ப வந்துடறேன்."

பிறகு படகின் விளிம்பில் ஏறி நின்றாள். பூப்போட்ட கவுனோடு, அவ்வளவு பெரிய உடம்பு, கத்தி போலத் தண்ணீருக்குள் இறங்கியது. சத்தமே இல்லை. ரொம்ப தூரம் தள்ளித் தலை தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் கரையைப் பார்த்து நீந்தினாள்.

"மலாமோ! ஏய், எங்க போற?" என்று மைக்கில் கேட்டது. மலையில் மோதி எதிரொலித்தது. அவள் கூழாங்கல்லில் ஏறி, கவுனைப் பிழிந்துவிட்டு, வெறுங்காலோடு ஆட்டுப் பாதையில் மேலே நடந்தாள்.

முகட்டு வீட்டில் இப்போது இருப்பது அவளுடைய அக்கா அரேத்தி. வாசலில் மாவு திரட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி இது, படகு முழுகிடுச்சா?"

"முழுகலை."

"அப்ப அவன் முழுகிட்டானா?"

"அக்கா, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. காப்பி போடு."

அரேத்தி காப்பி போட்டாள். தன் புருஷனின் ரப்பர் செருப்பைத் தேடிக் கொடுத்தாள். மலாமோ நடந்ததைச் சொன்னாள். அக்கா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

"முழங்காலுக்கு மேல இறங்க மாட்டாளாமா? நீ பொறந்ததுல இருந்து மீனு மாதிரிதானேடி கிடந்த! நான் அன்னிக்கே சொன்னேன், காலரை விட்டுடுன்னு. கேட்டியா?"

"நீ அங்க எங்க இருந்த? பொய் சொல்லாத."

"இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

முகட்டிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் கடல் தெரியும். வெள்ளைக் கூழாங்கல் குடாவில் படகு நகராமல் நின்றது. ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அடித்தது.

"போறானா?" என்று கேட்டாள் மலாமோ, அந்தப் பக்கம் பார்க்காதவள் போல.

"இல்ல. நின்னுக்கிட்டேதான் இருக்கான்."

கடைசியில் நங்கூரம் ஏறியது. படகு காற்றை எதிர்த்து ஆடி ஆடி முனைப் பக்கம் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மலாமோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"குழம்பு ஆயிடுச்சு. ஸ்பகெட்டி மட்டும்தான் வேகணும். பச்சைத் தண்ணியில போட்டுடுவான் அக்கா. நிச்சயமாப் போட்டுடுவான்."

"போடட்டுமே. அவன் வாய்க்கு அதுதான் சாப்பாடு."

"அவன் கிடக்கான். காலையில இருந்து தண்ணியில கிடக்கிற ஜனங்க, குழந்தைங்க எல்லாம் என்ன செய்யும்?"

அரேத்தி பெருமூச்சு விட்டாள். மலைமேல் உள்ள ஊரின் சாப்பாட்டுக் கடைக்கு என்று அன்றைக்குச் சுட்டு வைத்திருந்த பாலாடைக்கட்டி அப்பங்கள் அடுப்பருகே அடுக்கியிருந்தன. மாவைக் கயிறாகத் திரித்து, நத்தை ஓடு போலச் சுருட்டி எண்ணெயில் பொரித்தவை. ஒரு பெரிய கூடையை எடுத்து நிரப்ப ஆரம்பித்தாள்.

"கடைக்காரனுக்கு என்ன சொல்லுவ?"

"என் தங்கச்சி படகு முழுகிடுச்சுன்னு சொல்லுவேன். போடி."

முகட்டிலிருந்து மறுபக்கம் இறங்கினால் அத்திமரக் குடா. முனையைச் சுற்றி வரும் கடல் வழியைவிட மலைக்குக் குறுக்கே போகும் பாதை ரொம்பக் குறுகியது. ஆனாலும் பெரிய செருப்பு வழியெல்லாம் நழுவியது. பாதித் தூரம் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது படகும் வந்து நின்றிருந்தது. எல்லோரும் தண்ணீரில் இருந்தார்கள். ரிகினோஸ் அவளுடைய மேலாடையைக் கட்டிக்கொண்டு, கரண்டியோடு நின்றான். அவளைக் கண்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு, சின்னத் துடுப்புப் படகில் தானே இறங்கிக் கரைக்கு வந்தான்.

பக்கத்தில் வந்ததும் அவள் முகத்தைப் பார்க்காமல் கூடையைப் பார்த்தான்.

"அரேத்தி கொடுத்தாளா?"

"இல்ல, மரத்துல காய்ச்சது. ஸ்பகெட்டி என்னாச்சு?"

"ஆச்சு."

"பச்சைத் தண்ணியில போட்டியா?"

கூடையை வாங்கிப் படகில் வைத்தான். அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் துடுப்பைக் கையில் பிடித்தபடி வலிக்காமல் இருந்தான்.

"நீ வர மாட்டியோன்னு நினைச்சேன்."

"வராம எங்க போறது? எதுக்கு அப்படிச் சொன்ன, ரிகினோஸ்? முடியைப் பிடிச்சு இழுத்தேன்னு சொன்ன, சரி. முழங்கால் தண்ணிக் கதை எங்கேருந்து வந்துச்சு?"

"தெரியலை, மலாமோ. சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் நடந்துச்சுன்னு ஆயிடுச்சு. நீ குதிச்சதும்தான் எல்லாம் ஞாபகம் வந்துச்சு. அந்தக் கூழாங்கல், என் முதுகுல நீ விட்ட குத்து..."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "இன்னிக்கு நீ உள்ளதை உள்ளபடி சொல்லணும். அந்த மைக்குலயே. இல்லாட்டி நான் இந்த அப்பத்தை எடுத்துக்கிட்டு மறுபடி மலையேறிடுவேன்."

அதற்குள் தண்ணீரிலிருந்து எவ்தோக்ஸியா அம்மாளின் தலை பக்கத்தில் முளைத்தது.

"அதான் சொல்லிட்டானே, மலாமோ! நீ கரையேறினதும் அந்தக் குழந்தை ஓன்னு அழ ஆரம்பிச்சுடுச்சு. என்னாலதான் பாட்டி செத்துப்போகப் போறாங்கன்னு ஒரே அழுகை. யார் சொல்லியும் நிக்கலை. இவன் போய் அதுக்குப் பக்கத்துல தரையில உட்கார்ந்தான். 'பாப்பா, அவங்க முழுக மாட்டாங்க, அன்னிக்கு முழுகினவன் நான், அவங்கதான் என்னை இழுத்துப்போட்டாங்க'ன்னு பூட்ஸ், காப்பி எல்லாம் ஒண்ணு விடாமச் சொன்னான். எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. எத்தனை வருஷமா உன் பொய்க்குக் கைதட்டினேன்டான்னு நான் நல்லாக் கேட்டுட்டேன்."

மலாமோ புருஷனைப் பார்த்தாள். அவன் காது வரை சிவந்திருந்தான்.

"நான் இல்லாத நேரமாப் பாத்துச் சொல்லிட்டியா?" என்றாள். "முப்பது வருஷத்துல ஒரு தடவை, அதுவும் என் காதுல விழாம!"

"குழந்தை அழுதுச்சு, மலாமோ."

அதற்கு மேல் அவளால் கோபமாக இருக்க முடியவில்லை.

ஸ்பகெட்டி பசையாகியிருந்தது. ஒரு டச்சுக்காரர் மட்டும் மரியாதைக்காக ஒரு வாய் தின்றார், மற்றது மீன்களுக்குப் போயிற்று. அப்பங்களில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. சாப்பாடு முடிந்ததும் மலாமோ வழக்கம்போலத் தட்டுகளைப் பொறுக்கக் கையை நீட்டினாள். படகின் கையாள் தோமாஸ், பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்னும்படியான ஆள், தட்டுகளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கடல் பக்கம் கண்ணைக் காட்டினான்.

அவள் இறங்கினாள். ஆகஸ்ட் மாதத்துக் கடல் எவ்வளவு வெதுவெதுப்பு என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள். நெஃபெலி மஞ்சள் பட்டைகளோடு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். முதுகில் குழந்தையை ஏற்றிக்கொண்டு மலாமோ குடாவின் வாய் வரை போய்த் திரும்பினாள். படகிலிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். யாரும் கைதட்டவில்லை. மேல்தட்டில் ரிகினோஸ் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து அந்தப் படகு தினமும் கொஞ்சம் தாமதமாகத்தான் துறைமுகம் திரும்புகிறது. சமையற்காரி நீந்தி முடிக்க வேண்டுமே! ரிகினோஸ் இப்போது கதையை மாற்றித்தான் சொல்கிறான். ஆனால் அவன் குணம் எங்கே போகும்? தான் மூழ்கிய இடத்தை வருஷத்துக்கு வருஷம் ஆழமாக்கிக்கொண்டே போகிறான். "அங்க அவ்வளவு ஆழம் கிடையாது, புளுகாத!" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வரும். ஜனங்களுக்கு அந்தச் சண்டைதான் கதையைவிடப் பிடித்திருக்கிறது.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று மாலை ஆட்கள் எல்லோரும் இறங்கிப் போனதும், ரிகினோஸ் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அந்த ஏத்தத்துல வெறுங்காலோட ஏறியிருக்க. காலைக் காட்டு."

"ஒண்ணுமில்ல, விடு."

"காட்டுங்கறேன்ல."

அவள் காலை அவன் மடியில் வைத்தாள். அவன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு ஊசியால் முள்ளைத் தேடினான். பக்கத்துப் படகுக்காரன் எட்டிப் பார்த்தான்.

"என்ன ரிகினோஸ், பொண்டாட்டி காலைப் பிடிச்சாச்சா?"

"ஆமா. உனக்கென்ன? உன் கயிறு அவிழுது பாரு, அதைக் கட்டு," என்றான் ரிகினோஸ், நிமிராமல்.

"ஆ! மெதுவாய்யா!"

"ஆடாம இரு மலாமோ. இன்னும் ஒண்ணு இருக்கு."