சாவியைத் திருப்பிய கை

போன வியாழக்கிழமை மதியம். சாத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப். என் டீசல் காருக்கு நாலு இன்ஜெக்டரும் மாற்றியாகிவிட்டது. அப்பாடா, கிளம்பலாம் என்று எழுந்தால், மெக்கானிக் சேகர் லேப்டாப்பைக் காரில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் என்னப்பா?"

"கம்ப்யூட்டர ரீசெட் பண்ணணும் சார். பழைய இன்ஜெக்டருக்கு எம்புட்டு டீசல் விடணும்னு அது பழகி வச்சிருக்கு. அத மறக்கடிச்சாத்தான் புதுசப் படிக்கும்."

மறக்கடித்தார். ஸ்டார்ட் செய்தார். கார் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கியது.

"இப்படியே கொஞ்ச நேரம் ஓடட்டும். ஆக்ஸிலேட்டர மிதிக்காதீக, ஏசி போடாதீக. முக்கியமா, நடுவுல ஆஃப் பண்ணிராதீக. லைன்ல இன்னும் காத்து கெடக்கு... மறுபடி எடுக்க மக்கர் பண்ணும்."

தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே போன். என் மனைவி. குரல் படபடத்தது.

"மதுரை ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாக. தம்பிக்குக் கண்ணு வந்திருக்காம். அஞ்சு மணிக்குள்ள வரலேன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாகளாம்."

பால்பாண்டி என் மச்சினன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் சூப்பர்வைசர். வலது கண்ணில் தூசி விழுந்து, புண்ணாகி, கருவிழியில் வெள்ளை படர்ந்துபோனது. இரண்டு வருஷமாக மாற்றுக் கருவிழிக்குக் காத்திருக்கிறான். இப்போது இடது கண்ணும் சொதப்ப ஆரம்பித்திருந்தது. அன்று முகூர்த்த நாள் வேறு. வாடகைக் கார் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆலை ஆபீஸ் போனுக்குச் சொல்லியாயிற்று, ரோட்டோரப் புளியமரத்தடியில் வந்து நிற்பான் என்றாள்.

நடுங்குகிற காரையே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மெதுவாக... பூப்போல மிதித்து... வழியெல்லாம் ஒரே ஜெபம்: ஆஃப் பண்ணாதே, ஆஃப் பண்ணாதே.

புளியமரம் தெரிந்தது. கையில் பையோடு பால்பாண்டி நிற்பதும் தெரிந்தது. அவனுக்குப் பின்னால், ஆலையின் சிவப்பு போர்டும் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் அந்த போர்டைத் தாண்டி இன்ஜின் ஓடக் கூடாது; ஒரு பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ள. சாவியைத் திருப்பி, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போய் கேட்டில் நிறுத்துவதுதான் வழக்கம். செல்போனைக்கூட அங்கே யாரும் எடுக்க மாட்டோம். எத்தனை வருஷப் பழக்கம்... போர்டைப் பார்த்ததும் என் கை சாவியைத் திருப்பிவிட்டது.

கார் சத்தமில்லாமல் பால்பாண்டியைத் தாண்டி, போர்டைத் தாண்டி, கேட் முன்னால் போய் நின்றது.

அங்கே ஸ்டார்ட் செய்யவும் கூடாது. வாட்ச்மேன் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆலைப் பெண்களைக் கூப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார்கள்.

"பால்பாண்டியண்ணனுக்குக் கண்ணா? தள்ளுங்கடி."

வந்த வழியே பின்னால் தள்ளினார்கள். போர்டைத் தாண்டி, புளியமரத்தையும் தாண்டி. சாவியைத் திருப்பினேன். இருமியது, அடங்கியது. மறுபடி. அடங்கியது. பேட்டரி சத்தம் இளைத்துக்கொண்டே வந்தது. சேகருக்குப் போன் போட்டேன்.

"ஆக்ஸிலேட்டர மிதிச்சீகளா?"

"லேசா..."

"மிதிக்கவே கூடாது சார். சாவிய ஆன்ல மட்டும் வச்சு, கொஞ்சம் விட்டு ஆஃப் பண்ணுங்க. ரெண்டு மூணு வாட்டி. காத்து வெளிய போயிரும். பெறவு ஸ்டார்ட் அடிங்க."

செய்தேன். ஆனால் கால் கேட்டால்தானே? இன்ஜின் இருமினால் அதுபாட்டுக்கு மிதிக்கிறது. பால்பாண்டி ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தான்.

"அத்தான், கால மடக்கி சீட்டு மேல வைங்க."

பந்தியில் உட்காருவதுபோல் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். இருமல்... இருமல்... பிடித்துக்கொண்டது.

உடனே பறக்கலாமா? கூடாது. இன்னொரு முறை நின்றால் பேட்டரி தாங்காது; நடுக்கம் அடங்கும்வரை சும்மா உட்கார வேண்டும். யாரோ ஒரு வீட்டில் அழுதுகொண்டே சம்மதித்துக் கொடுத்த கண் மதுரையில் காத்திருக்கிறது. இங்கே நான் சம்மணம் போட்டுக் காத்திருக்கிறேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சும்மா இருந்ததில்லை.

நாலுவழிச் சாலை வேலை நடந்த இடங்களில் எல்லாம், நின்றுவிடாதே என்று இன்ஜினைக் கெஞ்சிக்கொண்டே ஊர்ந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அவனை இறக்கிவிட்டபோது ஐந்தாகச் சில நிமிஷங்கள் இருந்தன. நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். காரை மட்டும் ஆஃப் பண்ணவில்லை.

கம்ப்யூட்டருக்கு லேப்டாப்பைச் செருகி மறக்கடிக்கலாம். இந்தக் கைக்கு எங்கே செருகுவது? திட்டவும் மனசில்லை. இந்தக் கைப்பழக்கத்தால்தான் அந்தப் பெண்கள் தினமும் வீடு திரும்புகிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் டாக்டர் சொன்னார்: "பார்வை உடனே தெளியாது. மாசக்கணக்காகும். கசக்கக் கூடாது, அவசரப்படக் கூடாது. நடுவில் மருந்தை நிறுத்திடவும் கூடாது."

கட்டுப் போட்ட கண்ணோடு பால்பாண்டி என் பக்கம் திரும்பினான்.

"சரிங்க டாக்டர்... அதுவரைக்கும் எங்க அத்தான மட்டும் பக்கத்துல விட்றாதீக. நடுவுல ஆஃப் பண்ணிருவாக."