அச்சில் ஏறாத பதில்

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது, முன்னாடியே சொல்லிடறேன். ஆனா இது என் கதை இல்ல. எங்க அண்ணி கதை.

அண்ணியும் நானும் நாடாளுமன்றத்துல சுருக்கெழுத்துப் பிரிவு. உள்ள யார் என்ன பேசினாலும் அப்படியே எழுதி, டைப் அடிச்சு, அச்சுக்கு அனுப்பணும். ஆளுக்குப் பத்து நிமிஷம் முறை. பத்து நிமிஷம் எழுதினா அதை டைப் அடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அண்ணிக்கு அங்க இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பிரிவுல அவங்க பேரு 'கமா'. பேசினவர் நிறுத்தாத இடத்துல இவங்க கமா சேர்க்க மாட்டாங்க, நிறுத்தின இடத்துல போடாம விடவும் மாட்டாங்க. அண்ணனுக்கு அவங்களைப் பார்த்துக் கட்டிவெச்சவ நான்தான். அதனால அந்த வீட்ல சண்டை வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத்தான் திட்டுவாங்க.

எங்க வேலையில ஒரு சூட்சுமம் இருக்கு. காதுல விழறது நேரா கைக்குப் போயிடணும், மனசு பக்கம் திரும்பவே கூடாது. பேசறவர் விம்மி விம்மி அழுதாலும் பென்சில் ஓடிட்டே இருக்கணும். அர்த்தத்தை உள்ள விட்டீங்களோ, போச்சு, கை நின்னுடும். புதுசா சேர்ற எல்லாருக்கும் அது நடக்கும். அண்ணிக்கு ஒரு தடவைகூட நடந்ததில்ல.

இப்ப அண்ணன் விஷயத்துக்கு வர்றேன். அவர் அலமாரி செய்யற கம்பெனியில பலகை அறுக்கிற மிஷின்ல பத்தொன்பது வருஷம் இருந்தாரு. விலைவாசியை அடக்கறேன்னு மத்திய வங்கி ஒண்ணரை வருஷத்துல எட்டு தடவை வட்டியை ஏத்துச்சு. வீடு வாங்க இருந்தவனெல்லாம் பின்வாங்கிட்டான். வீடே வாங்காதவன் அலமாரியை எங்க கொண்டுபோய் வைப்பான்? முதலாளி நாப்பது பேரை வீட்டுக்கு அனுப்பினாரு. அந்த மனுஷன் ஆர்டர் இல்லைன்னு நேரா சொல்லித் தொலைச்சிருக்கலாம். எங்க அண்ணனைக் கூப்பிட்டு, "உனக்கு முன்ன மாதிரி கை வேகம் இல்லப்பா"ன்னு சொல்லி அனுப்பியிருக்காரு. நல்லா இருப்பாரா அவரு!

அந்த ஒரு பேச்சு அண்ணனை அப்படியே சாய்ச்சிடுச்சு. சம்பளம் போனது கூட அப்புறம்தான். ஷூ மாட்டும்போது, "நான் லேட் பண்றேனா?"ம்பாரு. சாப்பிட உக்காந்தா, "எல்லாரும் முடிச்சிட்டீங்களா, நான்தான் கடைசியா?"ம்பாரு. வேற இடத்துல வேலை கேட்டுப் போறதையும் விட்டுட்டாரு. "எனக்கே தெரியும், கை போயிடுச்சு"ன்னு ஒரே பாட்டு. அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாங்க. "நீ என் பொண்டாட்டி, வேற எப்படிச் சொல்லுவ?"ன்னு வாயை அடைச்சிடுவாரு.

அந்தச் சமயத்துலதான் நாடாளுமன்ற நிதிக்குழு மத்திய வங்கித் தலைவரைக் கூப்பிட்டு விசாரிச்சுது. டிவியில நேரடியா காட்டினாங்க. குழுவுல ஒரு உறுப்பினர் இருக்காரு, நாங்க அவரை 'வெண்கலம்'னுதான் சொல்லுவோம், தொண்டை அப்படி. அவர் எழுந்து மேஜையில ஒரு அறை அறைஞ்சாரு. "வட்டியை ஏத்தினா எத்தனை பேர் தெருவுக்கு வருவான்னு ஒரு நிமிஷமாவது யோசிச்சீங்களா? ஏசி ரூம்ல உக்காந்துட்டு அடுத்தவன் அடுப்பை அணைக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சொல்லுங்க! வாயைத் திறந்து சொல்லுங்க!" ஹாலே அதிர்ந்துபோச்சு.

அந்த ஹால்ல ஒருத்தர் மைக் விளக்கு எரிஞ்சா மத்தவங்க மைக் தானா அணைஞ்சுடும். வெண்கலம் கத்திட்டே இருந்ததால வங்கித் தலைவர் மைக் செத்துக் கிடந்துச்சு. அவர் பதில் சொல்லாம இல்ல. மெதுவா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொன்னாரு. கேட்டவருக்கே அது கேக்கல. ரெண்டு கை தூரத்துல உக்காந்து எழுதிட்டிருந்த எங்க அண்ணிக்கு மட்டும் கேட்டுச்சு.

"யோசிச்சோம். பல பேருக்கு வேலை போகும்னு தெரிஞ்சுதான் ஏத்தினோம். போனவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அண்ணி கை அதை எழுதிடுச்சு. எழுதின கையோட நின்னுடுச்சு. இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை. அதுக்கப்புறம் நோட்டுல நாலு விரல் அகலத்துக்கு ஒண்ணுமே இல்ல, வெறும் தாள்.

டைப் அடிக்க வந்த அண்ணி முகம் சிவந்திருந்துச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வங்கித் தலைவரே சொல்லிட்டாரு. அச்சாகி வரட்டும், உங்க அண்ணன் மடியில பிரிச்சு வெச்சுடறேன். அப்ப நம்புவாருல்ல?"ன்னாங்க. நானும் நம்பினேன், மடச்சி!

பேசினவங்க பார்வைக்கு டைப் பிரதி போகும். வாய் தவறினதைத் திருத்தலாம், பேசினதையே மாத்தக்கூடாதுன்னு விதி. வங்கியிலிருந்து பிரதி மூணாம் நாள் திரும்பி வந்துச்சு. அந்த மூணு வாக்கியத்து மேலயும் சிவப்புக் கோடு. ஓரத்துல, 'இவ்வாறு கூறப்படவில்லை.'

எங்க பிரிவு அதிகாரி அண்ணியைக் கூப்பிட்டு நோட்டைக் கேட்டாரு. பார்த்துட்டு அந்த வெத்து இடத்துல விரலை வெச்சாரு. "இது என்ன?"

"கை நின்னுடுச்சு சார்."

"அப்ப சரியா கேக்கலைன்னுதானே அர்த்தம்?"

"சரியா கேட்டதாலதான் சார் நின்னுச்சு."

"ஒலிப்பதிவுலயும் இல்ல, வேற யாரும் கேக்கவும் இல்ல. குழு உறுப்பினர் யாராவது ஆட்சேபம் சொன்னா பார்க்கலாம்"னு சொல்லிட்டுக் கையை விரிச்சுட்டாரு.

நாங்க உறுப்பினர் ரூம் வாசப்படி மிதிக்கக்கூடாது. மிதிச்சோம். வெண்கலத்தோட ரூம்ல அவர்கூட நின்னு போட்டோ எடுத்துக்க ஒரு கூட்டமே காத்துக் கிடந்துச்சு. அவர் பேசின வீடியோ ஊரெல்லாம் ஓடிட்டிருந்த நேரம். அண்ணி நின்னபடியே எல்லாத்தையும் சொன்னாங்க. அவர் பொறுமையா கேட்டாரு, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

"நான் அப்ப கத்திட்டிருந்தேனேம்மா. எனக்கு எப்படிக் கேக்கும்?"

"அதுக்குத்தான் சார் நான் எழுதியிருக்கேன். திருத்தம் வேண்டாம்னு நீங்க ஒரு வரி கொடுத்தா போதும்."

அவர் சிரிச்சாரு. "அந்த ஆள் வாயடைச்சு நின்னாருன்னு ஊரே பேசுது. இல்ல, யோக்கியமா பதில் சொன்னாருன்னு நானே போய்ச் சொல்லணுமா?"

"கேள்வி கேட்டது நீங்கதானே சார்?"

"கேட்டேன்மா. நல்லாத்தானே கேட்டேன்?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிஞ்சுது. "நீங்க கேட்டது டிவிக்கு சார்!"னு சொல்லிட்டேன். அண்ணி என்னை இழுத்துட்டு வந்துட்டாங்க. அதுக்கு எனக்கு ஒரு மெமோ வந்துச்சு. வரட்டும், பிரேம் போட்டுச் சுவத்துல மாட்டிக்கறேன். ஒருத்தனுக்குச் சொன்னதை ஒத்துக்க தைரியம் இல்ல, இன்னொருத்தனுக்குக் கேட்டதுக்குப் பதிலே வேண்டாம். ரெண்டு பேருக்கும் சம்பளம் மட்டும் தவறாம வருது.

விசாரணைப் பதிவுப் புத்தகம் அச்சாகி வந்துச்சு. வெண்கலத்தோட கேள்வி முழுசா, ஆச்சரியக்குறியோட இருந்துச்சு. அதுக்குக் கீழ அடைப்புக்குள்ள ஒரே வார்த்தை: கூச்சல். அந்தப் பக்கத்தை மறுபடி டைப் அடிச்சுக் கையெழுத்துப் போட்டதும் அண்ணிதான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் துவைச்ச துணியை மடிச்சிட்டிருந்தாரு. அண்ணி எதிர்ல உக்காந்தாங்க. நோட்டை வெளிய கொண்டுவர முடியாது, அது ஆபீஸ் பீரோவுல பூட்டிக் கிடக்கு. அந்த மூணு வாக்கியத்தையும் வாயாலயே சொன்னாங்க. ஏத்தம் இறக்கம் இல்லாம, ஒரு எழுத்து மாறாம.

அண்ணன் மடிக்கிறதை நிறுத்திட்டுக் கேட்டாரு. "அவரா சொன்னாரு?"

"அவர்தான் சொன்னாரு."

"அச்சுல இருக்கா?"

அண்ணி தலையை ஆட்டினாங்க, இல்லைன்னு.

"நீ எழுதி அச்சுல வராதது எதுவும் உண்டா?"

"அண்ணா, அண்ணிக்குப் பொய் வராதுண்ணா!"ன்னு நான் கத்தினேன்.

"தெரியும்மா"ன்னாரு அண்ணன். வேலை போன நாள்லயிருந்து முதல் தடவையா, அண்ணி கன்னத்தைத் தொட்டு, பாசமா சிரிச்சாரு. "எனக்காக அதையும் கத்துக்கிட்டா பாரு."