உதறி மடிக்கிற கை

ஓட்டலின் பின்பக்கச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிக்கிற வேலை. இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடிப்பார்கள். ஓங்கி ஒரு உதறு, கூடவே இன்னொன்று, பிறகு மடிப்பு. உதறாவிட்டால் மூலை சேராது. பல வருஷமாக இதே வேலை என்பதால் கை அதுபாட்டுக்குச் செய்யும். மனசு வேறெங்காவது இருக்கும். இப்போதெல்லாம் அது மகளின் மூக்கைச் சுற்றியே இருந்தது.

மகள் இரண்டாம் வகுப்பு. காலையில் தும்மல் ஆரம்பிக்கும், பிறகு மூக்கு ஒழுகும், கடைசியில் நெஞ்சுக்குள் விசில். பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாளைவிடப் போகாத நாள்தான் அதிகம். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி இருக்கிறது, நம் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்று பிழைக்கிறது, அதன் கழிவுதான் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். அறையைச் சரிசெய்யுங்கள், அடுத்த முறையும் இப்படியே இருந்தால் மருந்தைக் கூட்ட வேண்டியதுதான் என்றார். இப்போது கொடுக்கிற மருந்துக்கே குழந்தையின் கை நடுங்கி, எழுத்து கோணிக்கொண்டு போகிறது. இன்னும் கூட்டுவதா?

அன்றைக்கே அறையைக் காலி செய்தாள். கம்பளம் போயிற்று. திரைச்சீலை போயிற்று. மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த உறை வாங்கி முழுசாக மூடினாள். வாரம் தவறாமல் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் விரிப்பைத் துவைத்தாள். துடைப்பத்தை விட்டு ஈரத்துணிக்கு மாறினாள். பொம்மைகளைப் பையில் கட்டி ஐஸ்பெட்டியில் ஐஸ் உறையும் மேல்தட்டில் அடைத்தாள்.

ராத்திரி பஸ் ஓட்டிவிட்டு விடியலில் வந்த கணவன், தண்ணீர் எடுக்க ஐஸ்பெட்டியைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

"உள்ள ஒரு கரடி உக்காந்திருக்கு. என்ன தப்பு பண்ணிச்சு?"

"ஒரு நாள் முழுக்க இருக்கணும். அப்பதான் பூச்சி சாகும். அப்புறம் துவைக்கணும்."

"என்னையும் ஒரு நாள் உள்ள வெச்சுடேன். யாரும் எழுப்ப மாட்டாங்க."

சலவைக்கூடத்தில் எதிர்முனையைப் பிடிக்கிற அக்காவும் விடவில்லை. "இங்கயும் துவைக்கிற, வீட்டுலயும் துவைக்கிற. வீட்டையே ஓட்டல் ஆக்கிட்டியா? எனக்கும் ஒரு ரூம் சாவி குடு."

சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. இடுப்பு விட்டுப்போயிருந்தது. இவ்வளவு செய்தும் காலையானால் விசில் கேட்டது.

அந்த வீட்டில் மகளின் அறையை விட்டால் கையை விரித்து நிற்க வேறு இடம் கிடையாது. அவளும் கணவனும் படுக்கும் பெரிய கட்டில் சுவரோடு சுவராக முட்டிக்கொண்டிருக்கும். முழங்கையைத் தூக்கினால் அலமாரியில் இடிக்கும். மகளின் அறை காலியான பிறகு, காலையில் பெரிய கட்டிலின் போர்வையை அங்கே கொண்டுவந்து மடிப்பது அவளுக்குச் சௌகரியமாகப் போயிற்று.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும் முன் நர்ஸ் குழந்தையிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"எழுந்த உடனே தும்மல் வருமா கண்ணு?"

"எழுந்த உடனே வராது. அம்மா போர்வை உதறினப்புறம் வரும்."

"எந்தப் போர்வை?"

"அம்மா அப்பாவோடது. என் ரூமுக்கு எடுத்துட்டு வந்து டப்டப்புன்னு உதறுவாங்க. நல்லாக் காத்து வரும்."

அவள் மகளின் பக்கம் திரும்பினாள். "ஏன்டி, இத்தனை நாளா சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே."

நர்ஸ் திட்டவில்லை. "உங்க மெத்தைக்கு உறை போட்டிருக்க மாட்டீங்க. அதுல கிடந்த போர்வைங்க. அந்த மெத்தையில இருக்கிறதுதான் அதுலயும் இருக்கும். நீங்களே கொண்டுவந்து குழந்தை மேல தூவியிருக்கீங்க. அதையும் வெந்நீர்ல போடுங்க, உங்க மெத்தைக்கும் உறை வாங்குங்க. காலையில எதையும் உடனே மடிக்காதீங்க. ராத்திரி வேர்த்த ஈரம் காயணும். விரிச்சபடியே கிடக்கட்டும்."

"மடிக்காம எப்படிங்க விடறது?"

"மடிக்காமதான்."

டாக்டர் இருக்கிற மருந்தையே ஒரு மாதம் தொடரச் சொன்னார். அதற்குள் குறையாவிட்டால் கூட்டுவேன் என்று மறுபடியும் சொன்னார்.

போர்வை துவைத்தாயிற்று. கட்டில் மெத்தைக்கும் உறை வந்தது. அடுத்த நாள் காலை கட்டிலருகே நின்றவளின் கை போர்வையின் இரண்டு மூலைகளையும் எடுத்துத் தோளுக்கு மேலே தூக்கிவிட்டது. அப்படியே இறக்கினாள். போர்வை கட்டிலில் சுருண்டு விழுந்தது. பார்க்கவே சகிக்கவில்லை.

வேலை முடிந்து வந்த கணவன் அறைக் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தான். "என்ன, ஸ்ட்ரைக்கா?"

"ஆமா."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை. பக்கத்து அறையில் மகள் உடை மாற்றிக்கொண்டிருந்தாள். ஒரு தும்மல் கேட்டது. அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். கணவனும் அசையாமல் நின்றான். அலமாரிக் கதவு சாத்துகிற சத்தம்தான் வந்தது.

"அம்மா, என் சாக்ஸ் எங்க?"

குரலில் விசில் இல்லை. நாளைக்கு இருக்கலாம்.

"தேடு, கிடைக்கும்" என்றாள். உடனே எழுந்திருக்கவில்லை.