காளிகாட் வீட்டின் பின்கதவு

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. 1998, ஆகஸ்ட் 22, சனிக்கிழமை. அதுவும் பட்டப்பகலில்.

உத்தமனுக்குக் கல்கத்தாவில், கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டே காளிகாட் சந்து ஒன்றில், இரண்டாவது மாடியில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். வாடகைக்கு விடத்தான். பி.எஃப். லோன், சொசைட்டி லோன், மனைவி பூர்ணிமாவின் வளையல்கள்... எல்லாம் அதில் போயிற்று. பிடித்தம் போகச் சம்பளத்தில் பாதிதான் கைக்கு வந்தது. செப்டம்பர் முதல் தேதி குடிவரவிருந்த நடராஜன் கொடுத்த அட்வான்ஸும் சிமெண்டாகிவிட்டிருந்தது.

கொத்தனாருக்குக் கொடுக்கப் பணமில்லை. சனிக்கிழமைதோறும் அவரே போய்ச் சுரண்டினார், பூசினார், வெள்ளையடித்தார். ஜன்னல் இல்லாத பின்னறையில் ஒரு பழைய கதவு இருந்தது. அந்தப் பக்கம் அடுத்த வீடு என்று புரோக்கர் சொல்லியிருந்தான். செங்கல் வைத்து அடைக்க ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கேட்டார்கள். உத்தமன் ஆறு நீள ஆணிகளை வாங்கிவந்து, கதவை நிலையோடு சேர்த்து அறைந்துவிட்டார்.

வீடு முழுக்கக் காய்ந்தது. கதவைச் சுற்றிய சுவர் மட்டும் காயவில்லை. அடுத்த சனிக்கிழமை கதவடியில் செங்கல் தூள் கிடந்தது. பெருக்கினார். அதற்கடுத்த வாரமும் கிடந்தது.

“பக்கத்து வீட்ல ஏதோ இடிக்கிறாங்க போல,” என்றார் பூர்ணிமாவிடம்.

“போய்க் கேளுங்களேன்.”

“கேட்டா செலவுல பங்கு கேப்பான். விடு.”

அந்த 22ஆம் தேதி காலையிலிருந்தே அடைமழை. உத்தமன் பின்னறையில் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். மணி 2.40.

டக்... டக்... டக்...

கதவுக்கு அந்தப் பக்கம்.

“யாரு?”

“தாதா... தொர்ஜா கோலோ...”

பெண் குரல். அண்ணா, கதவைத் திற என்கிறாள். உத்தமன் வங்காள மொழியில் கத்தினார். “ஆணி அடிச்சிருக்கு. வாசல் வழியா வாங்க!”

“படி விழுந்துருச்சு தாதா... சுவரும் விழுது... திற...”

சுத்தியலின் பின்பக்கத்தைக் கொடுத்து இழுத்தார். முதல் ஆணி வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது அசையவில்லை.

தட்டல் வேகமாயிற்று. இரண்டு கைகளாலும் அடிக்கிறாள். கதவு அதிர்ந்தது.

“இரும்மா... இதோ...”

ஆணியின் தலை முறிந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது.

“தாதா!”

மணி 2.52.

மடமடவென்று ஒரு சத்தம்.

அப்புறம்... ஒன்றுமில்லை.

கதவின் கீழிருந்து செங்கல் தூள் புகையாய் வந்து, அவருடைய ஈரக் கால்களில் ஒட்டியது.

படியிறங்கி ஓடினார். கீழ்வீட்டு மாஷிமா, எழுபது வயது விதவை, வாசல் நடைக்குள் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பக்கத்து வீடு இடிஞ்சு விழுந்துருச்சு, மாஷிமா! உள்ள ஒரு பொண்ணு...”

“எந்த வீடு?” என்றாள்.

உத்தமன் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினார். தகர வேலியின் இடுக்கில் பார்த்தார்.

காலி மனை. இடுப்பளவு புல். மழைத்தண்ணீர்.

மேலே, இரண்டு மாடி உயரத்தில், மொட்டைச் சுவரில் அவருடைய கதவு. அதற்கு முன்னால் நிற்க ஓரடி இடம்கூட இல்லை.

விற்றுவிடலாம் என்றால் யார் வாங்குவார்? நடராஜனிடம் சொல்லலாம் என்றால் அட்வான்ஸை எங்கிருந்து திருப்புவது? கதவை மறைத்து ஒரு பீரோவை நிறுத்தினார். நடராஜன் குடும்பத்தோடு வந்து பால் காய்ச்சினார். உத்தமன் ஒரு வாய் பால் குடித்துவிட்டு, தலையைக் குனிந்தபடி இறங்கிவிட்டார்.

துர்கா பூஜை முடிந்த மறுவாரம் வாடகை வாங்கப் போனபோது மாஷிமா கூப்பிட்டாள்.

“அன்னைக்கு அவ உன்னை என்னன்னு கூப்பிட்டா?”

“தாதான்னு.”

மாஷிமா படியில் உட்கார்ந்தாள்.

“என் புருஷனைத்தான் அவ அப்படிக் கூப்பிடுவா. அவர் தம்பி பொண்டாட்டி. அப்ப நாங்க மேல, உன் வீட்லதான் இருந்தோம். பாகம் பிரிஞ்சு ரெண்டு வீட்டுக்கும் கோர்ட்ல கேஸ். எழுபத்தொண்ணாம் வருஷம், இதே மாதிரி மழை. அந்த வீடு விழுந்தப்ப பன்னிரண்டு நிமிஷம் அந்தப் பின்கதவைத் தட்டினா. இவர் திறக்க எழுந்தார்...”

தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

“நான்தான் தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.”