லிமாவிலிருந்து ஐந்து மணித்தியாலம்

டென்மார்க்கின் பிரெடெரிசியா ரயில் நிலையம். வெளியே மழையும் பனியுமாகக் கொட்டுகிறது. ஹேர்னிங் போகும் வண்டிக்காகக் காத்திருக்கும் என்னிடம், தமிழ் முகத்தைக் கண்ட ஆறுதலில் ஒருவர் வருகிறார். பெயர் யோகன், இங்கே தொழிற்சாலையில் வேலையாம்.

"எனக்கு டேனிஷும் இங்கிலிஷும் கதைக்க வராது, அண்ணை. லிமாவிலையிருந்து சாவோ பாவுலோவுக்கு பிளேன் எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

பயணச்சீட்டுக் கவுண்டரில் இருக்கும் பெண் விமான நேரங்கள் அடங்கிய தடித்த புத்தகமொன்றைப் புரட்டுகிறாள். மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர் வரும், ஐந்து மணித்தியாலம் என்கிறாள். ஒருவழியா, இருவழியா என்று பேனாவை எடுக்கிறாள்.

சீட்டு வாங்க அல்ல. யோகனின் தம்பியை, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அந்த வழியாகத்தான் டென்மார்க்குக்குக் கூட்டிவருகிறான். எங்கே யாழ்ப்பாணம், எங்கே தென்னமெரிக்காவின் லிமா! இறங்கும் ஊரிலெல்லாம் தம்பி போன் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சாவோ பாவுலோவுக்கு விமானம் ஏறப்போவதாக லிமாவிலிருந்து எடுத்தான். அதற்குப் பிறகு போன் இல்லை, பதினொரு நாளாகிறது.

"பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு போயிருந்தால், அண்ணை?"

கேட்கிறேன். அது இந்தப் புத்தகத்தில் இல்லை என்கிறாள் அவள்.

நான் யோகனிடம் திரும்புகிறேன். "பதினைஞ்சு நாள் எடுக்குமாம்."

அவர் விரல் மடித்து எண்ணுகிறார். முகம் மெல்லத் தெளிகிறது.

"அப்ப இன்னும் நாலு நாள் கிடக்கு."