குப்பைக் காணிக்கு வந்த பிரதம விருந்தினர்

பிள்ளைகளே, எங்கள் தெருமுடக்கில் சங்கிலி போட்டு, வெள்ளைக் கோடு கீறி, கார்கள் நிறுத்தி வைத்திருக்கும் இடத்தை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கார்கள் பளபளவென்று நிற்கின்றன. எனக்கு அந்தப் பளபளப்பைக் கண்டால் ஓங்காளம் வருகிறது. அதனால்தான் உங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும்போது மற்றத் தெருவால் போகிறேன். "அப்பா, பெர்க்கே, ஏன் சுத்திப் போறம்?" என்று சின்னவள் கேட்டாள். அதற்கான பதிலை இப்போது எழுதி வைக்கிறேன்.

பழைய உலக யுத்தத்தில், இந்த இத்தாலி நகரத்தில் குண்டு விழுந்து இடிந்த ஒரு வீட்டின் வெறுங்காணி அது. நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்தபோது அதற்குள் கால் வைக்க இடமில்லை. மழையில் ஊதிப்போன மெத்தைகள், கதவு இல்லாத ஒரு பிரிட்ஜ், குழந்தைகளின் அழுக்கு நாப்பிகள். இவற்றுக்கு மேலே, பக்கத்துக் கபோ சந்தை முடிந்ததும் மீன்காரர் கொண்டுவந்து ஊற்றும் குடல் தண்ணீர். ஆகஸ்டு மாதத்தில் அந்த நாற்றம் மூன்றாம் மாடிக்கு ஏறிவந்து எங்கள் சோற்றுக் கோப்பைக்குள் குந்தியிருக்கும்.

எங்கள் தமிழ்ச் சனம் அதைப் பற்றிக் கதைக்கும். கதைக்க மட்டுந்தான் செய்யும். கிழமை முழுவதும் இத்தாலிய வீட்டுக்காரச் சின்னோராமாரின் குளியலறைகளை உரஞ்சி மினுக்கிவிட்டு வருகிற நாங்கள், எங்கள் வாசலுக்கு வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது கொமூனேக்காரர் வந்து அள்ள வேண்டிய குப்பை" என்று நகரசபையின் தலையில் போட்டுவிட்டுப் படியேறிவிடுவோம். நானும் அப்படித்தான் சொன்னேன், பலமுறை.

அதற்குள் முதலில் இறங்கியது, எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருந்த எக்குவடோர் நாட்டுப் பெண். இரண்டு பிள்ளைகளின் தாய். படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவரைப் பராமரிப்பது அவருடைய வேலை. வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் லீவு அல்லவா? ஒரு வியாழன் பின்னேரம், முழங்கால் வரை றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, மண் அள்ளுகிற ஒரு சவளோடு அவர் அந்தக் குப்பைக்குள் இறங்கினார். அடுத்த வியாழன் அவருடைய நாட்டுப் பெண்கள் இன்னும் நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வியாழன் நான் யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் நிமிர்ந்து என்னைப் பிடித்துவிட்டார். இத்தாலியனும் ஸ்பானிஷும் கலந்து அவர் கத்தியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"என்ன, படமோ ஓடுது? ரிக்கற் எடுத்தனியோ?"

வெட்கத்தில் இறங்கிப் போனேன். நான் தூக்கிய முதல் மெத்தைக்குக் கீழே ஒரு பூனை செத்துப் புழுத்துக் கிடந்தது. அந்த இடத்திலேயே சத்தி எடுத்தேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

"பரவாயில்லை," என்றார் கீழ்வீட்டுப் பெண். "உன்ரை ஆக்களிலை சத்தி எடுக்கவாவது ஒருத்தன் இறங்கினான்."

ஊரே கூடி ஒரு வேலையை முடிப்பதற்கு அவர்கள் நாட்டில் மிங்கா என்று பெயராம். அதற்குத் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை. வருகிறவர் வேலை செய்வார், வேலை முடிந்ததும் அவரவர் கொண்டுவந்ததை நடுவில் வைத்து எல்லோரும் சாப்பிடுவார்கள். உங்கள் அம்மாவும் வரத் தொடங்கினாள். அவளுடைய கடலைச் சுண்டலும் அவர்களுடைய சோளப் பலகாரமும் ஒரே பலகையில் இருந்தன. மாரி காலம் தொடங்கும் முன்னரே நிலம் தெரிந்தது. சந்தையில் எறிந்த பலகைகளால் கீழ்வீட்டுப் பெண் தன் கையாலேயே எல்லோரும் இருக்க இரண்டு வாங்குகள் அடித்தார். ஒலிவ் எண்ணெய்த் தகரங்களில் துளசி மாதிரி மணக்கும் பசிலிக்கோச் செடியை வைத்தார்கள். உங்கள் அம்மா ஒரு தகரத்தில் கறிவேப்பிலை வைத்தாள். நீங்கள் அந்தப் பிள்ளைகளோடு கயிறடித்தீர்கள். மூத்தவள் ஸ்பானிஷில் எண்ணப் பழகினது அங்கேதான்.

அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "பெரிய ஆக்கள் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். குப்பையாக் கிடக்கேக்கை இது ஒருத்தனுக்கும் தேவையில்லை. வடிவா இருக்கெண்டு தெரிஞ்சால் சொந்தக்காரர் முளைப்பினம்."

ஓம் என்றேன்.

இனி எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு வருகிறேன். நான் அப்போது அதன் துணைச் செயலாளர். எங்கள் தலைவர் ஒரு வியாழன்கூட அந்தப் பக்கம் வந்ததில்லை. எல்லாம் துப்புரவான பிறகு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து சுற்றிப் பார்த்தார். அடுத்த கூட்டத்தில், "எங்கடை சங்கத்தின்ரை பூங்காவுக்குத் திறப்பு விழா வைக்க வேணும்" என்றார். எங்கடை சங்கத்தின்ரை! அதை அப்படியே அறிக்கைப் புத்தகத்தில் எழுதினேன்.

"பிரதம விருந்தினர் ஆர்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஏன், எங்கடை தொத்தோரே இருக்கிறார்."

தலைவர் பல வருடங்களாக வேலை செய்கிற வீட்டுக்காரர்தான் அந்தத் தொத்தோரே. படித்த பெரிய மனிதரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாலைந்து கட்டடங்களுக்குச் சொந்தக்காரர். அவருடைய சேட்டுகளை மினுக்குகிற கையால், சனத்துக்கு முன்னால் அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்பது தலைவருடைய நெடுநாள் ஆசை. அந்த ஆசை எனக்கு விளங்கியது. விளங்கியதுதான் என் பிழை.

"அந்தக் கீழ்வீட்டுப் பிள்ளை வெளியாலை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டது" என்று மெல்லச் சொன்னேன்.

"உமக்கு இப்ப எக்குவடோர் சங்கத்திலையோ அங்கத்துவம்?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். "பிரதம விருந்தினர் இல்லாமல் ஒரு விழாவோ? எங்கடை சனம் காறித் துப்பும். சரி, விருப்பமானவை கையை உயர்த்துங்கோ."

நானும் சிரித்துவிட்டுக் கையை உயர்த்தினேன்.

விழா நாளில் வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு. பனரில் சங்கத்தின் பெயர் தமிழிலும் இத்தாலியனிலும் பெரிதாக இருந்தது. அந்தப் பெண்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கீழ்வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு நல்ல உடுப்புப் போட்டுக் கூட்டிவந்து முன் வாங்கில் இருந்தார். தலைவர் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் போய், "முன்வரிசை விருந்தினருக்கு, கொஞ்சம் எழும்புறியளோ?" என்றேன்.

அவர் தான் ஆணி அடித்த வாங்கை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்றார். செத்த பூனையைத் தூக்கின கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவலாம். இதை எதைப் போட்டுக் கழுவுவது?

தொத்தோரே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே வந்தார். பொன்னாடைத் தட்டை ஏந்தியவன் நான். தலைவர் போர்த்தினார். "பிராவி, பிராவி" என்று பாராட்டினார் தொத்தோரே. பிறகு தலைவர் நீண்ட நேரம் பேசினார். அந்த ஆள் பேச்சைக் கேட்கவில்லை. பொன்னாடையோடேயே எழும்பி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் காலடி எண்ணி நடந்தார். திரும்பிக் குறுக்காலும் நடந்தார்.

"பாருங்கோ, எங்கடை வேலையைப் பாத்து அதிசயிக்கிறார்" என்று தலைவர் மைக்கிலேயே சொன்னார். கை தட்டினோம்.

போகும்போது தொத்தோரே, இந்த இடம் யாருடையது என்று கேட்டார். "ஒருத்தருக்கும் இல்லை, தொத்தோரே," என்றார் தலைவர், பெருமையாக. "ஒரு கடுதாசியும் இல்லை. சும்மா கிடந்ததை நாங்கள் எடுத்தம்." அந்த ஆள் தலைவரின் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். தலைவர் அந்தக் கன்னத்தோடு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

மாதம் ஒன்று ஆகவில்லை. தொத்தோரேயின் மருமகன் எங்கேயோ இருந்த உரிமையாளரைத் தேடிப் பிடித்துக் காணியைத் தன் பொறுப்பில் எடுத்துவிட்டான். ஒரு காலையில் சங்கிலி தொங்கியது. வாங்குகளை உடைத்துத் தெருவில் எறிந்திருந்தார்கள். எண்ணெய்த் தகரங்கள் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன.

சங்கம் அவசரமாகக் கூடியது. யாராவது கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். தலைவர், "தொத்தோரேயின்ரை மனம் நோகாமல் நடக்க வேணும்" என்றார். அவரைச் சங்கத்தின் போஷகராக்கினால், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை விளையாட விடுவாராம். அதைக் கேட்டு ஒரு மகஜர் எழுதுவது என்று முடிவானது. மகஜரோடு பொன்னாடைப் படத்தை வைப்பதா, விளக்கேற்றிய படத்தை வைப்பதா என்று அரைமணி நேரம் சண்டை பிடித்தார்கள். நான் எழும்பினேன்.

"எங்கை போறீர்? கூட்டம் முடியேல்லை."

"எனக்கு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேரே கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தப் பெண் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"நாங்கள்தான் அவனைக் கூப்பிட்டனாங்கள்" என்றேன்.

"தெரியும். எனக்கு ஏன் சொல்லுறாய்? வியாழன் வந்து மற்ற அம்மாமாருக்குச் சொல்லு."

வியாழன் பின்னேரம் சங்கிலிக்கு முன்னால் அவர்கள் கூடி நின்றார்கள். உங்கள் அம்மாவும் நின்றாள். என் ஓட்டை இத்தாலியனில் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு முதல் நாள் தண்ணீர் தந்த பெண் கேட்டார்: "அவனைக் கூப்பிட நீயும் கை உயர்த்தினியோ?"

"ஓம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். தகரங்களை நிமிர்த்தி, ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஒன்றைத் தூக்கக் குனிந்தேன். கீழ்வீட்டுப் பெண் அதை என் கைக்கு எட்டாமல் எடுத்துக்கொண்டார்.

சங்கத்தை விட்டு விலகிவிட்டேன். ஆனாலும் தலைவர் தெருவில் கண்டால் விடுவதில்லை. "அந்தப் பெண்டுகள் இப்ப எங்கை கூடுகினம்? வேறை இடம் ஏதும் பிடிச்சிட்டினமோ? சொன்னால் சங்கம் ஒரு உதவி செய்யலாம்" என்கிறார்.

வியாழன் பின்னேரங்களில் உங்கள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போகிறாள். போன வியாழன் நீங்கள் முழங்காலெல்லாம் மண்ணோடு, பசியோடு வந்தீர்கள். எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நீங்களும் வாய் தவறிக்கூட எனக்குச் சொல்லிவிட வேண்டாம். தலைவர் கேட்கும்போது தெரியாது என்று சொல்கிறேன். அது உண்மையாகவே இருக்கட்டும்.